மைலேஜ் திடீரென்று இறங்குவது ஏன்?

கேள்வி: என்னுடையது பிஎஸ்6 டீசல் கார். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் சில நாள் 12-க்கு இறங்கிவிடுகிறது, வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடுகிறது. பழுதா?
- வாசகர், கோவை

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் இன்ஜின் கூடுதலாக டீசலைச் செலுத்தி, புகைக்குழாய்ச் சூட்டைக் கிட்டத்தட்ட 600 டிகிரிக்கு ஏற்றிக் கரியை எரிக்கும், அதுதான் ரீஜெனரேஷன், பத்து இருபது நிமிடம் ஆகும், அந்த டீசலுக்குக் காசு உங்களுடையது. பாதியில் வண்டியை அணைத்தால் ஃபேன் ஓடத்தான் செய்யும்.

கண்காணிக்க, காரின் கணினித் தகவலைப் படித்துச் சொல்லும் ஓபிடி ப்ளூடூத் கருவி ஒன்று போதும். உங்கள் மாடலுக்குப் பொருந்தும் ஆப் கிடைத்தால் கரியின் அளவும், கடைசியாக எரித்த பிறகு ஓடிய தூரமும் போனிலேயே தெரியும். ஒருமுறை எரித்ததற்கும் அடுத்த முறைக்கும் இடையிலான தூரம் வரவர குறைந்தால்தான் யோசிக்க வேண்டும்: ஊருக்குள்ளேயே ஓட்டுகிறீர்கள், இல்லையென்றால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ சென்சாரோ சரியில்லை. மைலேஜை மீட்டரை நம்பாமல் ஐந்தாறு முறை டேங்க் நிரப்பிக் கணக்குப் போடுங்கள். அப்புறம், ஆயில் குச்சியையும் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் டீசல் கலக்கிறது, உடனே ஆயிலை மாற்றுங்கள்.