61 நாளாகியும் குற்றப்பத்திரிகை இல்லை: தம்பியை ஏன் விடவில்லை?

மோசடி வழக்கில் உங்கள் தம்பி உள்ளே போய் 61 நாளாகியும் குற்றப்பத்திரிகை வரவில்லை, ஏன் விடவில்லை என்று கேட்கிறீர்கள். இன்றே ஜாமீன் மனு போடுங்கள். 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தராவிட்டால் ஜாமீன் உங்கள் தம்பியின் உரிமை; ஆனால் நீதிமன்றம் தானாக விட்டுவிடாது, கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், யாரும் கேட்காததால்தான் உங்கள் தம்பி இன்னும் உள்ளே இருக்கிறார்.

பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டம்) 318(4) மோசடிக்கு அதிகபட்சம் 7 ஆண்டு தண்டனை. அதனால் பிஎன்எஸ்எஸ் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 187(3)-இன்படி கெடு 60 நாள். கைதான நாளிலிருந்து எண்ணாதீர்கள். மாஜிஸ்திரேட் முதலில் ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) நாள்தான் கணக்கு, அந்த நாளும் சேரும்.

மனு போடுமுன் இரண்டு விஷயம் பாருங்கள்:

1. நீதிமன்ற அலுவலகத்தில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டதா என்று கேளுங்கள். வந்திருந்தால் இந்த உரிமை போச்சு. அப்புறம் சாதாரண ஜாமீன்தான்.
2. புதிதாக ஏதாவது பிரிவு சேர்த்திருக்கிறார்களா? 316(5) (அரசு ஊழியர், வங்கியர் போன்றோர் செய்யும் நம்பிக்கை மோசடி) மாதிரி ஆயுள் தண்டனைப் பிரிவு வந்தால் கெடு 90 நாளாகிவிடும்.

காலையில் நீங்கள் மனு கொடுத்து, மதியம் போலீஸ் குற்றப்பத்திரிகையோடு ஓடிவந்தால்? (இது அடிக்கடி நடப்பதுதான்.) பயம் வேண்டாம். ரவீந்திரன் வழக்கில், 2020-இல், உச்ச நீதிமன்றம் அந்த வித்தையை ஏற்கவில்லை. இது அரசமைப்பின் 21-ஆம் பிரிவோடு சேர்ந்த உரிமை. வழக்கின் பலம், பலவீனம் பற்றிய பேச்சே இங்கே எழாது.

ஒரு எச்சரிக்கை: உத்தரவு வந்தபின் ஜாமீன்தாரர்களை உடனே நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அங்கே இழுத்தடித்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்தால் கிடைத்ததும் கைநழுவும். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகத் தருவார்கள்.