'டெகெலி-லி' இரைச்சலாகக் கேட்கிறதா?

பிளாக் மெட்டல் என்ற கடுமையான மெட்டல் இசையை வாசிக்கும் பிரெஞ்சுக் குழு தி கிரேட் ஓல்ட் ஒன்ஸ். அவர்களின் 'டெகெலி-லி' ஆல்பம் (2014) வெறும் இரைச்சலாக இருக்கிறது, பாடுவது புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். குரலைத் துரத்தாதீர்கள் நண்பரே. இந்த இசையில் அது கிட்டார்களோடு கலந்துதான் வரும். போனின் ஸ்பீக்கர் வேண்டாம், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கிட்டார்கள் அப்போதுதான் பிரிந்து கேட்கும்.

அதற்கு முன்னால் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் 'அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' படித்துவிடுங்கள். 1936இல் வெளிவந்த குறுநாவல். அண்டார்டிக்காவுக்குப் போன ஆய்வுக்குழு மனிதருக்கு முந்தைய நகரம் ஒன்றைப் பார்த்துவிடுகிறது. ஆல்பம் முழுக்க அந்தக் கதைதான்.

அப்புறம் கடைசிப் பாட்டு 'பிஹைண்ட் தி மவுண்டன்ஸ்': கால் மணி நேரத்தைத் தாண்டும். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். எனக்கு ஆல்பத்தின் உச்சமே அதுதான்.