பாட்டு ஓடும்போது வரும் படபட சத்தம்: கோளாறு எங்கே என்று கண்டறிவது எப்படி?

கேள்வி: கணினியில் பாட்டுப் பதிவு செய்து உருவாக்கும்போது, டிராக்குகள் (தனித்தனி ஒலித்தடங்கள்) இருபதைத் தாண்டியதும் பாட்டின் நடுவே படபடவென்று சத்தம் வருகிறது. சிபியு பயன்பாடோ 40 சதவீதம்தான் காட்டுகிறது. புதிய கணினி வாங்க வேண்டுமா?

பதில்: அந்த முடிவுக்கு வருவதற்கு முன், பாட்டை வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து கேட்டுப் பாருங்கள். கோப்பிலும் அதே இடத்தில் சத்தம் இருந்தால், கணினியின் வேகத்தைக் கூட்டுவதால் பயனில்லை. வெட்டி ஒட்டிய இடத்தில் ஃபேடு (ஒலியை மெல்ல ஏற்றுவது அல்லது இறக்குவது) இல்லாமலிருக்கலாம், அளவு 0 டெசிபெலைத் தாண்டியிருக்கலாம், அல்லது பதிவின்போதே ஒலி அறுந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது நேர்ந்திருந்தால் மறுபடி பாடிப் பதிவு செய்வதே நல்லது.

கோப்பு சுத்தமாக இருந்தால், கணினி உரிய நேரத்துக்குள் கணக்கை முடிக்கவில்லை என்று பொருள். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் ஒரு அளவீடு) வீதத்தில் பஃபர் (கணினி ஒரே தடவையில் கணக்கிடும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 128 என்று வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2.9 மில்லிநொடிக்குள் எல்லா ப்ளக்இன்களும் (ஒலியை உருவாக்கும் அல்லது மாற்றும் துணை மென்பொருள்கள்) வேலையை முடித்தாக வேண்டும். நீங்கள் பார்க்கும் 40 சதவீதம், சிபியுவில் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான எல்லாக் கோர்களுக்குமான சராசரி மட்டுமே. ஒரு டிராக்கில் வரிசையாக நிற்கும் ப்ளக்இன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இயங்க முடியும் என்பதால், பெரும்பாலும் அவை ஒரே கோரின் மீது விழுகின்றன. மற்றவை சும்மா இருக்க, அந்த ஒன்று திணறினாலே ஒலி அறுந்துவிடும். எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் கனமான ப்ளக்இன்களை அடுக்கும் பழக்கத்தை நான் எப்போதும் கண்டிப்பது இதனால்தான்.

ஆகவே மிக்சிங்கின்போது (பதிவான டிராக்குகளைக் கலக்கும்போது) பஃபரை 1024 ஆக உயர்த்துங்கள். கிடைக்கும் அவகாசம் 23 மில்லிநொடியாகும். பதிவின்போது அந்தத் தாமதம் பாடுபவரைத் தடுமாற வைக்கும். அப்போது 128க்கு இறக்கி, கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (ப்ளக்இன்களின் விளைவோடு தற்காலிக ஒலிக்கோப்பாக்குங்கள்); மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியான இன்டர்ஃபேஸில் நேரடி மானிட்டரிங் (பாடும் குரல் கணினி வழியே போகாமல் நேராகக் காதில் கேட்கும் வசதி) இருந்தால் பஃபரைக் குறைக்கவே தேவையில்லை.

1024இல், இரண்டே டிராக்குகளுடனும் சத்தம் வந்தால் டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) சந்தேகிக்க வேண்டும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின், தாமதம் குறைந்த ஆசியோ வகை டிரைவரை நிறுவுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் வைஃபை டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். நிற்காவிட்டால், லேட்டன்சிமான் என்ற மென்பொருள் எந்த டிரைவர் நேரத்தைப் பிடித்து வைக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். மின்சிக்கன அமைப்பை நீக்கி, யுஎஸ்பி ஹப் இல்லாமல் இன்டர்ஃபேஸைக் கணினியில் நேரடியாகச் செருகிச் சோதிப்பதும் அவசியம்.