நம்ம ஊர்ச் சூட்டில் பீர் காய்ச்சுவது: ஈஸ்ட்டிலிருந்து தொடங்குங்கள்

சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம், வேலை சிங்கப்பூரில், இருப்பது வாடகை வீட்டில். பீர் காய்ச்சிப் பார்க்க ஆசை. எதை வாங்குவது, விஷமாகிவிடாதா, லீவில் வரும்போது ஊரிலும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கும்பகோணத்துக்காரன். ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த காலத்தில் காய்ச்சிப் பழகியவன். அங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்யத் தடை இல்லை.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஊரில் கூடாது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். விற்கவில்லை, நானே குடிக்கிறேன் என்பதெல்லாம் எடுபடாது. கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு 2024-இல் தண்டனையையும் கூட்டிவிட்டார்கள். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே வீட்டில் காய்ச்சலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் கணக்கு, விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கொதிக்கிற வாசனை மாடிப்படி வரை போகும்.

விஷம் பற்றிய பயம் நம்ம ஆட்களுக்கு வருவது நியாயம்தான். ஆனால் கள்ளக்குறிச்சியில் ஆளைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். மால்ட் புளித்து வருவது எத்தனால். வடிக்காத பீரில் மெத்தனால் பயம் வேண்டாம். நிஜமான ஆபத்து பாட்டில் வெடிப்பது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, எதில் தொடங்குவது? எல்லாரும் பாத்திரம், கிட் (எல்லாம் சேர்த்து விற்கும் பெட்டி) என்று ஆரம்பிப்பார்கள். நான் ஈஸ்ட்டில் ஆரம்பிக்கச் சொல்வேன். பீர் காய்ச்சும் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. 'அறை வெப்பத்தில் வையுங்கள்' என்று அவர்கள் சொன்னால் அது 18, 20 டிகிரி. உங்கள் அறை 29, 30 டிகிரியில் இருக்கும். போதாததற்கு, புளிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பி, உள்ளே இன்னும் சில டிகிரி ஏறும். சித்திரை மாதத்தில் இட்லி மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிவது உங்களுக்குத் தெரியாததா? பீருக்கு வழக்கமாகப் போடும் ஏல் ஈஸ்ட்டை அந்தச் சூட்டில் விட்டால் பீர் பொங்கும், முடியும், ஆனால் தின்னர் வாடை அடிக்கும். முதல் தடவை காய்ச்சிவிட்டு 'இது நமக்குச் சரிவராது' என்று விட்டுவிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்காக ஒரு வாரம் ஏசி ஓட்டுவது வீண். க்வெய்க் என்று நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட் ஒன்று இருக்கிறது. அதில் வோஸ் என்ற வகையை வாங்குங்கள், உலர்ந்த பொட்டலமாகவே கிடைக்கும். 35 முதல் 40 டிகிரியில்தான் அதற்கு உற்சாகம். மூன்று நான்கு நாளில் வேலையை முடித்து, லேசாக ஆரஞ்சு மணத்தோடு விட்டுவிடும். பனி கொட்டும் தேசத்து ஈஸ்ட் நம்ம சூட்டுக்குப் பொருந்துவது வேடிக்கைதான். அந்த ஊர் விவசாயிகள் காய்ச்சிய சாறு நன்றாக ஆறும்வரை காத்திருக்காமல் வெதுவெதுப்பிலேயே ஈஸ்ட்டைப் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள்.

அளவுக்கு வருவோம். முதல் தடவை 4 லிட்டர் போதும், இருக்கிற பெரிய குண்டானிலேயே ஆகும். சுமார் 5 லிட்டர் தண்ணீரில் 500 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்டை (மால்ட் சாற்றை வற்றவைத்த பொடி) கட்டியில்லாமல் கரையுங்கள். கொதி வந்ததும் ஹாப்ஸ் 8 கிராம்; பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ அது, கேஸ்கேட் என்ற வகையை வாங்குங்கள். ஒரு மணி நேரம் மூடாமல் கொதிக்கட்டும். கசப்பு இதில்தான் இறங்கும். அடுப்பை அணைக்கும்போது இன்னும் 5 கிராம், அது வாசனைக்கு. முதல் பத்து நிமிஷம் பக்கத்திலேயே நில்லுங்கள், பாலைப் போலவே சட்டென்று பொங்கும். அப்புறம் ஐஸ் போட்ட தொட்டியில் குண்டானை இறக்கி 35 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஏர்லாக் (உள்ளே வரும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் அடைப்பு) மாட்டிய கலனில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, ஈஸ்ட்டைத் தூவுங்கள்.

அடுப்பை அணைத்த பிறகு சாற்றைத் தொடுகிற கலன், புனல், குழாய், கரண்டி எல்லாமே கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவுவது வேறு, இது வேறு. அலச வேண்டாத கிருமிநீக்கி திரவம் ஹோம்ப்ரூ (வீட்டில் பீர் காய்ச்சும் சாமான்) கடைகளில் கிடைக்கும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் வாங்கிவிடுங்கள். தொடக்கத்தில் 1.046-ஐ ஒட்டிக் காட்டும், முடிவில் 1.011 பக்கம் வரும். வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், இங்கே நாலரை. ஆனால் அது முக்கியமாகத் தேவைப்படுவது பாட்டிலில் அடைக்கலாமா என்று பார்க்க. இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணில் நின்றால்தான் புளிப்பு முடிந்தது என்று அர்த்தம். குமிழி நின்றதை மட்டும் நம்பி அடைத்தால், மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் வாயுவாகி கண்ணாடியைச் சிதறடிக்கும். அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, தராசில் நிறுத்துப் போடுங்கள். முதல் தடவைக்குக் கண்ணாடியே வேண்டாம், சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில் நல்லது. அமுக்கிப் பார்த்துக் கல் மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடலாம். இரண்டு வாரம் பொறுத்தால் ருசி கூடும்.

கிட் வேண்டாம் என்பேன். அதோடு வரும் செய்முறைகளில் பாதி வெள்ளைச் சர்க்கரையை ஒரு கிலோ கொட்டச் சொல்லும், பீர் தண்ணீராக இருக்கும்.

லீவில் ஊரில் கை சும்மா இருக்காது என்றால், சட்டத்துக்கு உட்பட்டுச் செய்ய ஒன்று உண்டு. பார்லியை மால்ட் ஆக்குவதும், நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறவைத்து ஈரச்சாக்குப் போட்டு முளைகட்டுவதும் ஒரே வேலைதான்; முளை வந்ததும் காயவைத்து நிறுத்திவிடுவது மட்டும் அதிகப்படி. கேழ்வரகை அப்படி முளைகட்டிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக அரிசிக் கஞ்சி வைத்து, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, இந்த மாவை இரண்டு கைப்பிடி கலந்து, ஹாட்பாக்ஸில் ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். திறந்தால் கஞ்சி நீர்த்து, சர்க்கரை போடாமலே இனிக்கும். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கியிருக்கும். எக்ஸ்ட்ராக்டை விட்டுத் தானியத்தில் காய்ச்சப் போகிறவருக்கு இந்த 65 டிகிரிதான் பாடம். கஞ்சியை அன்றைக்கே குடித்துவிடுங்கள், ராத்திரி வெளியில் வைத்தால் புளிக்கத் தொடங்கிவிடும்.