ரசிகர் புனைகதைத் தளத்தில் முதல் கதையை எப்படி வெளியிடுவது?

கேள்வி: சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறேன். பொன்னியின் செல்வன் மாந்தர்களை வைத்துச் சில கதைகள் எழுதி வைத்திருக்கிறேன். ரசிகர் புனைகதைத் தளத்தில் வெளியிட ஆசை. எங்கே, எப்படித் தொடங்குவது? பிற்பாடு வேண்டாம் என்று தோன்றினால் நீக்கிவிட முடியுமா?

பதில்:

எழுதி வைத்திருப்பவற்றில் ஆகச் சிறியதும் முழுமையாக முடிந்ததுமான ஒரு கதையை முதலில் வெளியிடுங்கள். ரசிகர் புனைகதை (ஃபேன் ஃபிக்ஷன்) வாசகர்கள் பாதியில் நின்றுபோன தொடர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். முடிந்த கதைகளை மட்டும் காட்டும்படி வடிகட்டித் தேடுவோர் ஏராளம். பெயர் தெரியாத புதியவரின் முதல் அத்தியாயத்தைவிட, ஒரே அமர்வில் வாசித்து முடிக்கக்கூடிய கதைக்கே அவர்கள் நேரம் ஒதுக்குவார்கள்.

தளத்தைப் பொறுத்தவரை, தமிழ் வாசகர்களே முதன்மை என்றால் வாட்பேடும் பிரதிலிபியும் இருக்கின்றன. இரண்டிலும் உடனே கணக்குத் தொடங்கிவிடலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள மாந்தர்களை வைத்து எழுதும் கதைக்கு, ஏஓ3 என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தையே நான் பரிந்துரைப்பேன். 2007இல் தொடங்கப்பட்ட ஒரு லாப நோக்கற்ற அமைப்பு, விளம்பரம் எதுவுமின்றி, நன்கொடையையும் தன்னார்வலர்களையும் நம்பி நடத்தும் தளம் அது. 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2019இல் அதற்கு, அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருதும் கிடைத்தது. அங்கே நேரடியாகக் கணக்குத் தொடங்க முடியாது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து வரிசையில் காத்திருந்தால் அழைப்பு வரும், அது சில சமயம் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்துவிடும் என்பதால் அங்கேயும் தேடிப் பாருங்கள். கணக்குக்குப் புனைபெயர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் சிறிய ஊர். கல்லூரிப் பெயரையோ படிக்கும் ஆண்டையோ முகப்புக் குறிப்பில் எழுதினால் உங்களை அடையாளம் காண்பதற்கு அதிக நேரம் ஆகாது.

கதையைப் பதிவேற்றும் படிவத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது. மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நாவலுக்கும் அதன் திரைப்பட வடிவத்துக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு; உங்கள் கதை எதிலிருந்து கிளைத்ததோ அதை மட்டும் இடுங்கள். தட்டச்சு செய்யும்போது தளமே முன்வைக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். அதையே தேர்ந்தெடுத்தால்தான் மற்றவர்களின் வடிகட்டலில் உங்கள் கதை அகப்படும். மாந்தர்களுக்கிடையேயான உறவைக் குறிக்கும்போது குறியீட்டில் மிகுந்த கவனம் வேண்டும். இரு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு இட்டால் அது காதல் உறவு; & என்ற குறியை இட்டால் நட்பு, குடும்பம் போன்ற மற்ற உறவு. பூங்குழலி நள்ளிரவில் வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுசெல்லும் பயணத்தை நீங்கள் விரித்து எழுதியிருந்தால், அங்கே சாய்கோடு இடுவது வாசகருக்குத் தவறான வாக்குறுதி கொடுப்பதாகும். எல்லாக் குறிச்சொற்களும் சேர்ந்து 75க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. முதல் கதைக்கு ஏழெட்டே தாராளம். வயதுத் தரநிலையையும் வன்முறை, மரணம் முதலியவற்றுக்கான எச்சரிக்கையையும் நேர்மையாகக் குறிப்பிடுங்கள், ஏனென்றால் எதைப் படிக்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று வாசகர் அவற்றை நம்பித்தான் முடிவெடுக்கிறார்.

கதைச்சுருக்கத்துக்கு 1,250 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அந்த இடம் விரைவாகத் தீர்ந்துவிடும். "இது என் முதல் முயற்சி, பிழை இருந்தால் மன்னிக்கவும்" என்று அதில் எழுதாதீர்கள். அந்த ஒரு வரியே வாசகரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. யார், எங்கே, என்ன சிக்கல் என்று இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும்.

கதையைத் தளத்தின் வரைவுப் பகுதியில் சேமித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். ஒரு மாதத்தில் அந்த வரைவு தானாகவே அழிந்துவிடும் என்பதால் மூலப்பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும். அதைப் படிவத்தில் ஒட்டிய பிறகு முன்னோட்டத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது இடையில் தேவையில்லாத வெற்று வரிகள் வந்திருக்கும். மாலை நேர எம்ஆர்டி ரயில் நெரிசலில் நின்றபடி ஒரு கையால் படிப்பவருக்கு நீண்ட பத்தி பெருந்தொல்லை.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி நூலுக்கான பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 70 ஆண்டுகள் நீடிக்கும். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார்; ஆகவே 2024 முடிவோடு அந்தக் காலம் இங்கே நிறைவுற்றது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களின் உரிமை வேறு. படத்தில் மட்டும் உள்ள காட்சியையோ வசனத்தையோ அப்படியே எடுத்தாளாதீர்கள். உரிமை முடிந்திருந்தாலும் மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்புப் பகுதியில் சொல்வது நம் கடமை என்றே கருதுகிறேன். பணம் கேட்பதோ, நன்கொடை இணைப்பு இடுவதோ ஏஓ3இல் கூடாது.

தமிழ்க் கதைக்கு அங்கே வாசகர்கள் குறைவு என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில், வாசகர் பாராட்டாக அழுத்தும் கூடோஸ் ஒன்றுகூட வராமல் போகலாம். பிறகு எங்கிருந்தோ ஒருவர், சேந்தன் அமுதனின் பேச்சு இயல்பாக வந்திருக்கிறது என்று இரண்டு வரி எழுதுவார். அவருக்குத் தவறாமல் பதில் எழுதுங்கள். அதே தளத்தில் தமிழில் எழுதும் மற்றவர்களின் கதைகளை நீங்களும் வாசித்துக் கருத்திடுங்கள், பிரதியைத் திருத்தித் தரும் பீட்டா ரீடர் பெரும்பாலும் அப்படித்தான் கிடைப்பார். புண்படுத்தும் கருத்துகளுக்கு அஞ்சினால், உங்கள் ஒப்புதலுக்குப் பின்னரே கருத்துகள் வெளிவரும்படி அமைத்துக்கொள்ளலாம்.

நீக்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். கருத்துகளும் கூடோஸும் அதோடு போய்விடும். கதை இருக்கட்டும், என் பெயர் மட்டும் வேண்டாம் என்றால், அதை உங்கள் கணக்கிலிருந்து துண்டித்து ஆதரவற்ற கதையாக விட்டுவிடும் வசதியும் உண்டு. அப்படிச் செய்தபின் அதைத் திரும்பப் பெறவோ திருத்தவோ முடியாது என்பதால், தேர்வு நேரத்து மனச்சோர்வில் அந்தப் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.