பேர் வராத பியானோ

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். சர்ச் கொயரில் கீபோர்டு வாசிக்கிறான், டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் பியானோ பரீட்சையில் எட்டாம் கிரேடும் பாஸ். சினிமாவுக்குப் பியானோ வாசிப்பதுதான் தொழில் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "பேரே வராத வேலை எதற்குடா, இசையமைப்பாளராகப் பார்" என்று என் தம்பி திட்டுகிறான். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

பதில்: தம்பி சொல்வது பாதி சரி. ஹாரி பாட்டர் முதல் படத்தில் (2001) மணி ஒலிப்பதுபோல ஒரு மெட்டு வருமே, உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் முணுமுணுப்பார்கள். மெட்டு ஜான் வில்லியம்ஸுடையது என்று சிலருக்காவது தெரியும். அதைச் செலஸ்டாவில் (பியானோ போலவே கட்டைகள் உள்ள, மணிபோல ஒலிக்கும் வாத்தியம்) வாசித்த ராண்டி கெர்பரை யாருக்குத் தெரியும்? ஃபாரஸ்ட் கம்ப் படத்தில் இறகு பறக்கும்போது கேட்கும் பியானோவும் அவர் வாசித்ததுதான். பேர் தெரியாததால் அவருக்கு வேலை குறைந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கான படங்களுக்கு வாசித்திருக்கிறார்.

எனக்குப் பயம் அந்த எட்டாம் கிரேடைப் பார்த்துத்தான். மாதக்கணக்கில் தேய்த்து வாசிக்கும் மூன்று உருப்படிகளுக்கு அதில் 66 மதிப்பெண். முன்பின் பார்க்காத நோட்ஸை (எழுதிய இசைக்குறிப்பை) அங்கேயே வாசிப்பதற்கு வெறும் 10. ரெக்கார்டிங் தியேட்டரில் அந்தப் பத்துதான் முழுப் பரீட்சை. ஹெட்போனில் தாளக்கணக்குக்கான கிளிக் தட்டிக்கொண்டிருக்கும். நோட்ஸை ஒருதரம் கண்ணால் ஓட்டிவிட்டு டேக் போக வேண்டும். தாள் புரளும் சத்தம் மைக்கில் விழும் என்று பக்கங்களை வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வார்கள்; நாற்காலி கிறீச்சிட்டாலும் டேக் வீண். எல்லாம் முடிந்த பிறகு, "ஷாட்டை வெட்டிவிட்டோம், இரண்டு பார் (தாளக் கட்டம்) குறையுங்கள்" என்பார்கள். முகம் சுளிக்காமல் மறுபடி வாசிப்பவனுக்குத்தான் அடுத்த கால்ஷீட்டுக்குப் போன் வரும். கொயரில் காதால் பிடித்துக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) போடும் பழக்கம் நல்லதுதான், இங்கே போதாது.

சென்னையோ கொச்சியோ, நிஜப் பியானோ முன் உட்காரும் நாள் குறைவு. பெரும்பாலும் கீபோர்டும், நிஜ வாத்திய ஒலிகளைப் பதிந்துவைத்த சாம்பிளும்தான். கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் செய்யவும் பழகட்டும். மாதச் சம்பளம் கிடையாது என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

இசையமைப்பாளர் ஆசையா? பக்கத்து எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனே முதலில் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனிடம் ஆர்மோனியம் வாசித்தவர்தான் என்று தம்பியிடம் சொல்லுங்கள். (பாலக்காட்டுக்காரரிடம் இந்த வாதம் எடுபடும்.) அப்புறம், பையன் பார்த்தேயிராத ஒரு நோட்ஸை வைத்து மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) தட்டிவிடுங்கள். நடுவில் நின்றுவிட்டால், சென்னைக்கு டிக்கெட் எடுப்பதை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம்.