துரையின் முகத்தை யார் பார்த்தது?

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து, பொகவந்தலாவைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்திலேயே, கைத்தொலைபேசியில் 14 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தோம். பயிற்சிப் பட்டறை ஒன்றில் கற்றபடி அதிகாரம் உள்ளவரைக் கீழிருந்தும் இல்லாதவரை மேலிருந்தும் படம்பிடித்தோம். காலையில் பேர் படித்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குத் தோட்ட அதிகாரியான துரை வரும் காட்சியில் கமராவை ஏறத்தாழ நிலத்திலேயே வைத்தோம். படத்தை நாங்கள் வாழும் வரிசை வீடுகளான லயத்தில் போட்டுக் காட்டியபோது என் அப்பாயி, "நாங்க எங்க தொர மொகத்தப் பாத்தோம்? இது யாரு பாத்தது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாங்கள் கற்ற விதி பிழையா? துரையின் பங்களாவையும் லயத்தையும் ஒரே ஷொட்டில் காட்டுவதற்கு ட்ரோன் கமரா ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். அது உதவுமா?

ஒரு வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பாயி கேட்டதைவிடக் கூர்மையான கேள்வியை ஒளிப்பதிவு பற்றி நான் அண்மையில் கேட்கவில்லை. கமரா நிற்கும் இடத்தில் யார் நிற்கிறார் என்பதைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

நீங்கள் கற்ற விதி பிழையன்று. தாழ்ந்த கோணத்தில் ஓர் உருவம் வானத்தை மறைத்துக்கொண்டு பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோணம் சொல்வது துரையைப் பற்றி இயக்குநர் என்ன நினைக்கிறார் என்பதை மட்டுமே. விடியற்காலைப் பனியில், தலையை மூடும் கொங்காணியோடு, தாமதமானால் பேர் போட மாட்டார்களே, அன்றைய வேலை போய்விடுமே என்ற பயத்தோடு நின்ற ஒரு பெண்ணின் பார்வை மேல்நோக்கிப் போகவே இல்லை. அவர் கண்டது சேறு படியாத இரண்டு சப்பாத்துகளையும், முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறையையும், கைத்தடியின் நுனியையும்தான். கமராவை அவருடைய கண்மட்டத்தில் வைத்து, அவர் பார்த்த பக்கமே திருப்பியிருந்தால், சட்டகம் துரையை முழங்காலோடு வெட்டியிருக்கும். குரல் மட்டும் சட்டகத்துக்கு வெளியே எங்கோ மேலிருந்து வந்திருக்கும். மறுபக்கத்தில் துரையும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. பேர்களைப் படித்தவர் கணக்கப்பிள்ளை. எதிரெதிரே நின்றும் ஒருவரையொருவர் பார்க்காத இருவரை, நீங்கள் மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் காட்டி, நேருக்கு நேர் பார்த்துக்கொண்டவர்களாக ஆக்கிவிட்டீர்கள். அப்பாயிக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும்.

மேல், கீழ் என்பதையே அடிப்படையாக வைத்து எடுக்கப்பட்ட ஒரு படத்தைச் சொல்கிறேன். அகிரா குரோசாவா 1963 இல் எடுத்த 'ஹை அண்ட் லோ' படத்தில், யோகோஹாமா நகரைப் பார்த்தபடி குன்றின் மேல் ஒரு சப்பாத்துக் கம்பனி அதிகாரியின் வீடு இருக்கிறது. கீழே, புழுங்கும் குடியிருப்பு ஒன்றில் அந்த வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாழும் ஒருவன் இருக்கிறான். அவன் அதிகாரியின் மகனைக் கடத்துவதாக எண்ணி, காரோட்டியின் மகனைக் கடத்திவிடுகிறான். வேறொருவருடைய பிள்ளைக்காகத் தன் சொத்து முழுவதையும் கொடுப்பதா என்று காரோட்டியின் முதலாளியான அந்த அதிகாரி தத்தளிக்கும் நெடுநேரமும் நாம் அந்த ஒரே வரவேற்பறைக்குள்தான் இருக்கிறோம். அகலத்திரையின் ஒரு பக்கத்தில் முதலாளியும் பொலிஸாரும் பேசிக்கொண்டிருக்க, காரோட்டி எங்கோ ஓரத்தில், தலை குனிந்து நிற்கிறார். அவருடைய பிள்ளையின் உயிரைப் பற்றித்தான் பேச்சு; ஆனாலும் அந்தப் பேச்சின் நடுவில் அவருக்கு இடமில்லை. கமரா இதற்காக மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. யார் நடுவில், யார் ஓரத்தில், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்ற ஏற்பாடு ஒன்றே போதுமானதாக இருக்கிறது. கீழே இருப்பவன் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகக் குன்றின் மேலுள்ள வீடு பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொள்ள நேர்வதும் அதே படத்தில்தான். உயரத்தில் இருப்பவர் பார்க்கிறார் என்பதோடு அவர் பார்க்கப்படுகிறார் என்பதும் உண்டு. நம்முடைய பங்களாக்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது உங்களுக்கே தெரியும். பங்களாவில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இனி உங்கள் படத்தின் லயக் காட்சிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய இணைப்பில் அதை மூன்று முறை பார்த்தேன். 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பரா (லயத்து அறை) உங்கள் படத்தில் ஒரு சிறிய மண்டபம்போலத் தெரிகிறது. கைத்தொலைபேசியின் பிரதான லென்ஸ் அகன்ற கோணம் கொண்டது. அதைச் சுவரோடு ஒட்டிவைத்து எடுத்தால் எதிர்ச்சுவர் பின்வாங்கிப் போய், இருவருக்கு இடையிலுள்ள வெளி நீண்டுவிடும். இடநெருக்கடியைக் காட்டப் போய் இடத்தைத் தாராளமாக வழங்கிவிட்டீர்கள். ஸ்டூடியோவில் செட் போடுகிறவர்கள் ஒரு சுவரைக் கழற்றிவிட்டுக் கமராவைப் பின்னுக்குக் கொண்டுபோவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை என்பதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். கமராவை வெளியே இஸ்தோப்பில் (திண்ணையில்) வையுங்கள். தொலைபேசியில் இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தி, வாசல் வழியாக உள்ளே பாருங்கள். கதவுநிலை பாதிச் சட்டகத்தை விழுங்கிவிடும். அடுப்பருகே இருக்கும் தாயின் தோள் தெரியும், முகம் தெரியாது. மகன் உள்ளே போக வேண்டுமானால் சாய்ந்து, தம்பியின் புத்தகங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். அந்த ஓரடி நகர்வுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ, அவ்வளவு நேரமும் வெட்டாமல் காட்டுங்கள். பிறகு பங்களாக் காட்சியில், ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுவரை நடப்பதையும் வெட்டாமல் காட்டுங்கள். இரண்டு நடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் வசனமே தேவைப்படாது.

ஒலியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. என் மதிப்பீட்டில் உங்கள் படத்தின் பெரிய குறை அங்கேதான். பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எழும்புவதில்லை. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை இருமினால் இங்கே கேட்கும். அங்கே வானொலியில் பாட்டுப் போனால் இங்கே சண்டை போடுகிறவர்களும் அந்தப் பாட்டோடுதான் சண்டை போட வேண்டும். இரகசியம் பேச வேண்டுமென்றால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குத்தான் போக வேண்டும். நீங்களோ அந்தக் காட்சி முழுவதற்கும் சோகமான புல்லாங்குழலை ஓட விட்டிருக்கிறீர்கள். (பொறுத்துக்கொள்ளுங்கள், மலையகம் என்றவுடன் புல்லாங்குழலை எடுக்கும் வழக்கம் எனக்கு நெடுநாளைய ஒவ்வாமை.) பங்களாவின் அடையாளமாக நீங்கள் தொப்பியையும் அரைக்காற்சட்டையையும் காட்டியிருக்கிறீர்கள். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகும் 'துரை' என்ற சொல் போகவில்லை. ஆகையால் உடுப்பு அவ்வளவு முக்கியமில்லை. அந்த வீட்டின் அமைதி முக்கியம். சுவர்க் கடிகாரம் கேட்குமளவுக்கு அமைதியாக ஓர் அறையை வைத்திருப்பது, இந்த மலையில் எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்றன்று.

'பாரசைட்' (2019) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதன் படிக்கட்டுகளை நான் மறுபடி விளக்கப் போவதில்லை. அதைவிட எளிமையான ஒன்றைச் சத்யஜித் ராய் 1958 இல் 'ஜல்சாகர்' படத்தில் செய்தார். நொடித்துப்போன ஜமீந்தார் மாடியிலிருந்து வெளியில் நிற்கும் தமது யானையைப் பார்க்கிறார். புதுப் பணக்காரரான அயலவருடைய லொறி ஒன்று அவ்வழியே போக, அது கிளப்பிய புழுதியில் யானை மறைந்துவிடுகிறது. ஒரு வர்க்கம் இன்னொன்றின் இடத்தைப் பிடிப்பதை ஒரு யானையும் ஒரு லொறியும் கொஞ்சம் புழுதியும் சொல்லிவிடுகின்றன.

ட்ரோன் வேண்டாம் என்பது என் கருத்து. அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் தேயிலை பச்சைக் கம்பளமாகவும், கொழுந்து எடுப்பவர்கள் நிறப்புள்ளிகளாகவும், லயக் கூரைகள் அழகான வரிசையாகவும் தெரியும். சுற்றுலா விளம்பரங்கள் நம்மை இப்படித்தான் காட்டிவருகின்றன. பங்களாவும் அங்கிருந்து இன்னொரு கூரைதான். இரண்டுக்கும் இடையிலுள்ள ஏற்றம், ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கும் அந்த ஏற்றம், மேலிருந்து பார்க்கையில் முற்றாகத் தட்டையாகிவிடும். உங்களுக்கு அது வேண்டுமானால், பங்களாவுக்குப் பால் கொண்டுபோகும் ஒருவருக்குப் பின்னால், அதே வேகத்தில், கமராவோடு நடந்து ஏறுங்கள். அவர் முன்வாசலுக்குப் போகாமல் குசினிப் பக்கம் திரும்புகிற இடத்தில், கமராவை மட்டும் ஒரு கணம் முன்வாசலைப் பார்த்தபடி நிறுத்தி வையுங்கள்.

ட்ரோனுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல மைக் ஒன்றை இரண்டு நாட்களுக்கு வாடகைக்கு எடுங்கள். பிரட்டுக் காட்சியை மறுபடி எடுக்கும்போது அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போய், அன்று எந்த இடத்தில் நின்றார் என்று கேட்டு, கமராவை அங்கே வையுங்கள்.